குஜராத்தின் புகைபோக்கிகளும் ஒரு பல்கலைக்கழக ஆய்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆலைகளின் சுற்றுச்சூழல் தணிக்கை அறிக்கைகளை நம்பினால், புகையில் துகள் அளவு வரம்பைத் தாண்டிய ஆலைகள் நூற்றுக்கு 7 மட்டுமே. அதே வகை ஆலைகளுக்கு வேறு ஆட்கள் போய், அதே புகைபோக்கியில் அளந்து பார்த்தபோது வரம்பைத் தாண்டியவை நூற்றுக்கு 59.

இந்த இரண்டு எண்களும் குஜராத்தில் கிடைத்தவை. இவற்றை வெளியே கொண்டுவந்தது எதிர்க்கட்சியோ பத்திரிகையோ நீதிமன்றமோ அல்ல. குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானே கதவைத் திறந்துவிட, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே போய் அளந்தார்கள். தன் அமைப்பில் ஓட்டை இருக்கிறது என்று காட்டப்போகும் ஆய்வுக்கு ஓர் அரசு நிறுவனம் ஏன் சம்மதித்தது, அந்த முடிவு எப்படி விதியாக மாறியது, அதன் தொடர்ச்சியாக சூரத் ஜவுளி மில்களிடம் ஒரு புதிய சந்தையே எப்படி உருவானது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பல்கலைக்கழக ஆய்வு அரசுக்கும் தொழிலுக்கும் 'போய்ச் சேர வேண்டும்' என்று எல்லோரும் சொல்கிறோம். கருத்தரங்கு நடத்துகிறோம், சுருக்க அறிக்கை அச்சடிக்கிறோம், செயலாளர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். குஜராத்தில் நடந்தது அப்படி அல்ல. அதனால்தான் வணிக மேலாண்மை மாணவர்களிடம் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பின்னணி

குஜராத் இந்தியாவின் பெரிய தொழில் மாநிலங்களில் ஒன்று. ரசாயனம், சாயம், ஜவுளி, மருந்து என்று அகமதாபாத்திலிருந்து சூரத் வரை தொழிற்பேட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கழிவும் புகையும் வழக்காகி நீதிமன்றம் வரை போனது. குஜராத் உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 1996ல் ஒரு ஏற்பாடு வந்தது. மாசு அதிகம் உண்டாக்கும் ஆலைகள் ஆண்டுதோறும் வெளியாரை வைத்துச் சுற்றுச்சூழல் தணிக்கை செய்துகொள்ள வேண்டும். அந்த அறிக்கையை வாரியத்திடம் தர வேண்டும். தணிக்கையாளர்களுக்கு அங்கீகாரம் தருவது வாரியம். பொறியியல் கல்லூரிகள் சில அந்தப் பட்டியலில் உண்டு, தனியார் ஆலோசகர்களும் உண்டு.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடு. வாரியத்தில் ஆட்கள் குறைவு, ஆலைகள் ஆயிரக்கணக்கில். வெளியாள் அளந்து சொன்னால் வேலை எளிதாகும்.

சிக்கல் ஒரே இடத்தில் இருந்தது. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது ஆலை. அவருக்குச் சம்பளம் தருவதும் ஆலை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்கு அடுத்த ஆண்டு அந்த ஆலை வேலை தராது. 'எல்லாம் சரி' என்று எழுதுகிறவர் எத்தனையோ பேர் இருக்கும்போது ஆலை ஏன் கறாரானவரைத் தேட வேண்டும்? போட்டியில் கட்டணமும் இறங்கியது. ஒழுங்காக மாதிரி எடுத்துச் சோதிக்க ஆகும் செலவைவிடக் குறைந்த கட்டணத்துக்கே பலர் தணிக்கை செய்துகொடுத்தார்கள். அந்தக் காசுக்கு அளக்கவே முடியாது என்றால் அறிக்கையில் எண் எங்கிருந்து வரும்?

ஆலையின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்டத்தில் மாசுக்கு அன்று இருந்த பெரிய ஆயுதம் மூடல் உத்தரவு. மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், தண்ணீரை நிறுத்துவார்கள். கொஞ்சம் மீறியவருக்கும் அதிகம் மீறியவருக்கும் காத்திருப்பது ஏறக்குறைய அதே தண்டனை. அப்படியிருக்கும்போது உண்மை எண்ணைக் காகிதத்தில் எழுதவிட எந்த முதலாளிக்குத் துணிச்சல் வரும்?

இது மாசுத் தணிக்கைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. நிறுவனக் கணக்குத் தணிக்கையிலும் தணிக்கையாளருக்குப் பணம் தருவது தணிக்கை செய்யப்படும் நிறுவனம்தான். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கில் பல ஆண்டுகளாகப் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டபோது நாடு முழுக்க எழுந்த கேள்வி இதுதான். அதற்கு முந்தைய ஆண்டில் உலக நிதிச் சந்தை சரிந்தபோது கடன் தர நிர்ணய நிறுவனங்களைப் பார்த்தும் இதையே கேட்டார்கள். எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் சம்பளம் தருகிறவரை மாற்றினால் அறிக்கை மாறுமா என்று நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர் கிடையாது. அந்தச் சோதனை அதே 2009ல் குஜராத்தில் ஆரம்பித்தது.

யார், எப்படி

ஆய்வாளர்கள் நான்கு பேர்: எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன். எம்ஐடி, ஹார்வர்டு போன்ற இடங்களைச் சேர்ந்தவர்கள். களத்தில் இறங்கி வேலை பார்க்க, எம்ஐடியில் உருவான வறுமை ஒழிப்பு ஆய்வு மையமான ஜே-பாலின் தெற்காசியக் கிளை இருந்தது. 2007ல் தொடங்கிய அதன் தெற்காசிய அலுவலகத்துக்கு இடம் கொடுத்தது சென்னையில் இருந்த ஐஎஃப்எம்ஆர் என்ற நிதி மேலாண்மை ஆய்வு நிறுவனம்.

வாரிய அதிகாரிகளுக்கே தணிக்கை அறிக்கைகள் மீது பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. மேசையில் குவியும் அறிக்கைகளில் ஏறக்குறைய எல்லா ஆலையும் வரம்புக்கு உள்ளேயே இருக்கும். வெளியே வந்து ஊரைப் பார்த்தால் வானம் வேறு மாதிரி இருக்கும். அவர்களுக்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே இருந்தது. ஆய்வாளர்கள் கொண்டுவந்தது கேள்வியை அல்ல, விடை கண்டுபிடிக்கும் வழியை. இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

அகமதாபாத், சூரத் பகுதிகளில் தணிக்கைக்கு உட்பட்ட 473 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதியைப் புது முறைக்கு மாற்றினார்கள், மீதி பழைய முறையிலேயே இருந்தன. புது முறை இப்படி: எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும், ஆலைக்கு அதில் பேச்சில்லை. கட்டணம் ஒரு பொது நிதியிலிருந்து வரும், அதுவும் ஒழுங்காக அளப்பதற்குப் போதுமான ஒரே தொகையாக. அப்புறம், தணிக்கையாளர் அளந்துவிட்டுப் போன பிறகு சில ஆலைகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் மறுசோதனைக் குழு வரும். பொறியியல் கல்லூரிகளைச் சேர்ந்த தொழில்நுட்ப ஆட்கள் அதே இடத்தில் அதே பொருளை மறுபடி அளப்பார்கள். இரண்டாம் ஆண்டில், மறுசோதனையோடு எண் எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்றும் சேர்த்தார்கள்.

சட்டம் எதையும் மாற்றவில்லை, புது இயந்திரம் வாங்கவில்லை. பணம் வரும் திசையை மாற்றி, பார்க்க ஓர் ஆள் வருவார் என்ற நிலையை உண்டாக்கினார்கள். அவ்வளவுதான்.

கிடைத்தது என்ன

பழைய முறையில் இருந்த ஆலைகளின் அறிக்கைகளை ஒரு வரைபடமாகப் போட்டால் பார்ப்பவர் திகைத்துப் போவார். துகளுக்கான வரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். அறிக்கைகளில் உள்ள எண்கள் எல்லாம் 150க்குச் சற்றுக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மறுசோதனையில் வந்த எண்களோ அகலமாகப் பரவிக் கிடக்கின்றன. பல 150ஐத் தாண்டி எங்கேயோ போகின்றன. மிகக் குறைவான எண்ணை எழுதினால் சந்தேகம் வரும், 150ஐத் தாண்டினால் ஆலைக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான இடம் எது என்று எழுதுகிற கைக்குத் தெரிந்திருக்கிறது.

புது முறைக்கு வந்த தணிக்கையாளர்கள், வரம்பை மீறிய ஆலையை 'மீறவில்லை' என்று தவறாக எழுதும் வாய்ப்பு 80 சதவீதம் குறைந்தது.

இன்னொரு தகவல் என்னை இதைவிட அதிகம் பாதித்தது. ஒரே தணிக்கையாளர் இரண்டு வகை ஆலைகளிலும் வேலை செய்த சந்தர்ப்பங்கள் உண்டு. அதே ஆள், அதே படிப்பு, அதே கருவி. பொது நிதியிலிருந்து சம்பளம் வந்த இடத்தில் உண்மையை எழுதினார். ஆலை சம்பளம் தந்த இடத்தில் பழையபடியே எழுதினார். 'தணிக்கையாளர்களுக்குத் திறமை போதாது, பயிற்சி கொடுக்க வேண்டும்' என்று ஒரு பயிலரங்கு நடத்தி முடித்திருக்க முடியாது என்பதை இது காட்டிவிட்டது. மனிதரில் நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பதிலும் பயனில்லை. நேர்மையாக இருப்பவருக்கு வயிறு நிறைய வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அறிக்கை உண்மையாகிவிட்டது. புகை குறைந்ததா? குறைந்தது. 2011ல் எல்லா ஆலைகளையும் தனியாக அளந்தபோது, புது முறையில் இருந்தவை மாசைக் குறைத்திருந்தது தெரிந்தது. அதிலும் வரம்பை மிகவும் மீறிக்கொண்டிருந்த ஆலைகள்தான் அதிகம் குறைத்திருந்தன. உண்மையான எண் வாரியத்துக்குப் போகிறது என்று தெரிந்தவுடனேயே, பெரிய தண்டனைக்கு ஆளாகக்கூடியவர்கள் கருவிகளைச் சரிசெய்துகொண்டார்கள்.

தாளிலிருந்து விதிக்கு

ஆய்வுக் கட்டுரை 2013ல் ஒரு முன்னணிப் பொருளியல் இதழில் வந்தது. வாரியம் 2015 ஜனவரியில் தணிக்கை விதிகளை மாற்றியது. தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. சோதனை தொடங்கி ஆறு ஆண்டு, அளவீடு முடிந்து நான்கு ஆண்டு.

நான்கு ஆண்டு நீளம் என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த இடைவெளியில் அதிகாரிகள் மாறினார்கள், கோப்பு மேசை விட்டு மேசை போயிருக்கும், தணிக்கைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருந்திருக்கும். அத்தனைக்கும் நடுவே கோப்பு தொலையாமல் இருந்ததற்கு, ஆய்வின் எண்கள் வாரியத்தின் சொந்த ஆலைப் பட்டியலிலிருந்தே வந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொல்கிறது' என்று யாரும் ஒதுக்க முடியாது. எந்தத் தொழிற்பேட்டை, எந்த வகை ஆலை என்பதெல்லாம் வாரியத்துக்குத் தெரியும்.

இன்னொரு காரணம், ஆய்வாளர்கள் கட்டுரை வெளியானதும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. அதே வாரியத்தோடு அடுத்த வேலையில் இறங்கியிருந்தார்கள். அது 960 ஆலைகளில் நடந்த ஆய்வு. இதன் கேள்வி எளிது: வாரியத்தின் சோதனை அதிகாரியை அடிக்கடி அனுப்பிச் சோதித்தால் மாசு குறையுமா? குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதி ஆலைகளுக்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சோதனை நடத்தினார்கள். மாசு குறிப்பிடும்படி குறையவில்லை. வாரிய அதிகாரிகள் எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பதை ஏற்கெனவே தங்கள் அனுபவத்தால் ஓரளவு சரியாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். குலுக்கலில் கூடுதலாகப் போன இடங்களில் பெரும்பாலும் பெரிய மீறல் சிக்கவில்லை. 2018ல் இது கட்டுரையாக வந்தது.

இந்த இரண்டாவது ஆய்வை யாரும் அதிகம் பேசுவதில்லை. 'இந்த வழி பலிக்காது' என்று சொன்ன ஆய்வு அது. என் பார்வையில் வாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நம்பிக்கை பலப்பட்டதில் இதற்கும் பங்கு உண்டு. ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் போதாது என்று காட்டியதோடு, அதிகாரிகளின் அனுபவ அறிவுக்கு மதிப்பு இருக்கிறது என்பதையும் அது எண்ணிக்கையில் காட்டியது. தன்னைக் குறை மட்டுமே சொல்லும் நண்பரோடு யாரும் பத்து ஆண்டு பழக மாட்டார்கள்.

சூரத்: தொழிலதிபர்கள் உள்ளே வந்த கட்டம்

2010ல் இதே நான்கு ஆய்வாளர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருந்தார்கள்: காற்று மாசுக்கு ஒரு வணிகச் சந்தை. 2011ல் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் காலத்தில் குஜராத், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களில் இதை முன்னோட்டமாகச் செய்வதாக அறிவிப்பு வந்தது. சந்தை முதலில் திறந்தது சூரத்தில்தான், அதுவும் எட்டு ஆண்டு கழித்து.

ஏன் எட்டு ஆண்டு? அளவீடுதான் காரணம். பழைய சட்டம் பார்ப்பது புகையின் அடர்த்தியை: ஒரு கன மீட்டரில் எத்தனை மில்லிகிராம். ஒரு சின்ன மில் 160ல் நாலு மணி நேரம் ஓடலாம். ஒரு பெரிய மில் 140ல் இரவு பகலாக ஓடலாம். சட்டத்தின் கண்ணில் முதலாவது குற்றவாளி, இரண்டாவது நல்ல பிள்ளை. ஊரின் மூக்குக்குள் போவதோ இரண்டாவது மில்லின் புகைதான் அதிகம். சந்தை நடத்த வேண்டுமானால் மாதத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும். அதற்குப் புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி, அது இடைவிடாமல் அளந்து சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கருவிக்குத் தர அளவுகள் எழுத வேண்டும், விற்பனையாளர்கள் வர வேண்டும், மில் ஆட்கள் பழக வேண்டும், எண் வராத நாளுக்கு என்ன கணக்கு என்று முடிவு செய்ய வேண்டும். ஆண்டுகள் இதில்தான் போயின.

சூரத்தில் சாயமேற்றி அச்சடிக்கும் ஜவுளி மில்கள் நெருக்கமாக இருக்கின்றன. நீராவிக்குப் பாய்லர், பாய்லருக்கு நிலக்கரி அல்லது பழுப்பு நிலக்கரி. 2019 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த செப்டம்பரில் வணிகம் ஆரம்பித்தது. துகள் மாசுக்கான இப்படிப்பட்ட சந்தை உலகில் அதுவே முதல் என்று சொன்னார்கள். அடுத்த மாதம் எஸ்தர் டஃப்லோவுக்கு, அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரேமர் ஆகியோருடன் சேர்த்துப் பொருளியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. சூரத்தில் மில் மேலாளர்கள் பர்மிட், அதாவது இவ்வளவு புகை விடலாம் என்ற அனுமதியின் விலை பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

சந்தை நடக்கும் விதம் இப்படி. மில்கள் எல்லாம் சேர்ந்து இத்தனை டன்னுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று வாரியம் ஓர் உச்சவரம்பு வைக்கும். அந்த அளவுக்கு பர்மிட்கள் உண்டு. 80 சதவீதம் மில்களுக்கு இலவசமாகப் பிரித்துத் தரப்படும், மிச்சம் ஏலத்துக்கு வரும். ஒரு மில்லுக்கு நல்ல வடிகட்டி போடுவது கட்டுப்படியாகும் என்றால் போட்டுவிட்டு, மிஞ்சும் பர்மிட்டை விற்கலாம். இன்னொரு மில்லுக்கு இடமில்லை, பணமில்லை என்றால் அதை விலைக்கு வாங்கலாம். முடிவில் கையில் உள்ள பர்மிட்டைவிடப் புகை அதிகமானால், முன்கூட்டியே கட்டிய டெபாசிட்டிலிருந்து ஈடு பிடித்துக்கொள்வார்கள். மொத்தப் புகை உச்சவரம்பைத் தாண்டாது. யார் எவ்வளவு குறைப்பது என்பதை மில்கள் தங்களுக்குள் விலை வைத்து முடிவு செய்துகொள்ளும். மூடல் உத்தரவு என்ற கோடரிக்குப் பதிலாக கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தது. வணிகம் தெரிந்தவர்களிடம் வணிகத்தின் மொழியிலேயே பேசியாயிற்று.

இதையும் ஆய்வாகவே செய்தார்கள். ரயன், பாண்டே, கிரீன்ஸ்டோன் ஆகியோரோடு அனந்த் சுதர்சன் சேர்ந்தார். 317 மில்களில் ஏறக்குறைய பாதி சந்தைக்குள், மீதி பழைய விதியில். 2020ல் ஊரடங்கு வந்து மில்கள் மூடியபோது இதுவும் தடைபட்டு, பிறகு தொடர்ந்தது. 2025ல் கட்டுரையாக வந்த முடிவு: சந்தைக்குள் இருந்த மில்களின் துகள் மாசு 20 முதல் 30 சதவீதம் குறைவு. மாசைக் குறைக்க ஆகும் செலவும் 11 சதவீதம் குறைவு. வெளியிட்ட புகையில் 99 சதவீதத்துக்கு மில்கள் பர்மிட் வைத்திருந்தன. மாசுச் சட்டம் என்றாலே மீறுவதற்குத்தான் என்ற பேச்சு பரவலாக இருக்கும் நாட்டில் அந்தக் கடைசி எண்ணை நான் பல தடவை திரும்பப் படித்தேன்.

தணிக்கை ஆய்வில் ஆலைகள் அளக்கப்படுகிறவர்களாக மட்டும் இருந்தார்கள். சூரத்தில் அது போதாது. கருவியை மில் வாங்கிப் பொருத்த வேண்டும், மேலாளர் கணினியில் உட்கார்ந்து ஏலத்தில் விலை கேட்க வேண்டும், கணக்காளர் பர்மிட்டைச் சரக்கு மாதிரி ஏட்டில் ஏற்ற வேண்டும். அதனால் பயிற்சிகளும் ஒத்திகை வணிகமும் தேவைப்பட்டன, மில் உரிமையாளர் சங்கத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதும் வேலைக்குள் இதெல்லாம் அடங்காது. பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் கிடைக்காது. சூரத்தில் தங்கி, கருவி வேலை செய்கிறதா என்று மில் மில்லாக அலைந்த களப் பணியாளர்கள் இல்லாமல் அந்த 317 என்ற எண் வந்திருக்காது.

நம் பக்கம்

2014ல் தமிழ்நாடு அரசு ஜே-பாலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசுத் திட்டங்களை நடத்திக்கொண்டே அவை பலிக்கின்றனவா என்று அளப்பதுதான் நோக்கம். ஆக, வாசல் நமக்கும் புதிதல்ல. ஆனால் நம் வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளை நினைத்துப் பார்க்கிறேன். திருப்பூர் பின்னலாடை, சிவகாசி அச்சகம், வாணியம்பாடி தோல் என்று தலைப்புகள் நம் ஊர்த் தொழிலைப் பற்றியே இருக்கின்றன. மாணவர் வினாத்தாளைத் தயாரித்துக்கொண்டு போய் நூறு பேரிடம் நிரப்பி வாங்குகிறார். கடைசி அத்தியாயத்தில் 'அரசுக்குப் பரிந்துரைகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தை மாவட்டத் தொழில் மையத்தில் இருக்கும் ஒருவரோ, தொழிற்சங்கச் செயலாளரோ கேள்வி எழுதும்போதே பார்த்திருந்தால் அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்திருக்கும்.

குஜராத் ஆய்வாளர்களுக்கு இருந்த பணமும் பெயரும் நம் கல்லூரிகளுக்கு இல்லை. அது உண்மை, சின்ன விஷயமும் இல்லை. பெரிய களக்குழு, மறுசோதனைக் கூலி, பொது நிதி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால் அந்த மறுசோதனைகளைச் செய்தவர்கள் உள்ளூர்ப் பொறியியல் கல்லூரிகளின் ஆட்கள்தான். புகைபோக்கியின் ஏணியில் ஏறி மாதிரி எடுத்து வந்தது அவர்கள். அந்த ஏணியில் ஏறத் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள்.

சூரத்துக்குப் பிறகு குஜராத் அரசு இந்தச் சந்தையை அகமதாபாத்துக்கும் கொண்டுபோக முடிவு செய்தது. 2009ல் தணிக்கைச் சோதனை தொடங்கிய ஊர்களில் அதுவும் ஒன்று.